பாதி விலை ஹார்ட் டிஸ்க்: காரணம் தெரியாமல் காசைக் கொடுக்காதீர்கள்

தை பிறந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி வரைக்கும் கல்யாண ஸ்டுடியோக்களில் இடப் பஞ்சம் ஆரம்பித்துவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. ஏழு கல்யாணத்தில் ஒரு 4 டிபி டிஸ்க் நிரம்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் "அண்ணே, 4 டிபி இருக்கு, பாதி விலை, ஒரு மாசம்தான் ஓடியிருக்கு" என்று போன் வரும். சிசிடிவி மாட்டுகிறவர்களுக்கும் ரைஸ் மில்காரர்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் வருவது இதே போன்தான்.

சல்லிசாகக் கிடைக்கிற டிஸ்க் எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விலை குறைந்ததற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். அந்தக் காரணத்தை விற்பவர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க்கைச் சோதித்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வழியிலும் தெரியவில்லை என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

சில காரணங்கள் சாதுவானவை. புது மாடல் வந்ததால் பழைய மாடலைத் தள்ளிவிடுவார்கள். அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கும். பண்டிகைத் தள்ளுபடியாக இருக்கும். இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதி. கடை அலமாரியில் இரண்டு வருஷம் கிடந்ததால் மட்டும் டிஸ்க் கெடாது, ஆனால் வாரண்டி கரைந்திருக்கலாம். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டு கம்பெனியின் தளத்திலும் சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி முடியும் தேதி தெரியும். காசு கொடுப்பதற்கு முன்னால் கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம். விற்பவர் சீரியல் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்பெனியே பழுது பார்த்து, சோதித்து, மறுபடி விற்கும் ரீசர்ட்டிஃபைட் சரக்கு. சீகேட் லேபிளில் பச்சைக் கரை போட்டிருக்கும், வெஸ்டர்ன் டிஜிட்டல் லேபிளில் அந்த வார்த்தையே அச்சாகியிருக்கும். இதை ஒளிக்காமல் சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். நாம் புது டிஸ்க் வாங்கி, வாரண்டியில் மாற்றினாலும் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். வாரண்டி குறைவாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷமாவது வாரண்டி இருந்து, புதுசின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம் என்பது எங்கள் கணக்கு.

மூன்றாவது வகை, ஏதோ ஒரு மெஷினில் ஓடிக் கழற்றியது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் பெரும்பகுதி இதுதான். டிவிஆரில் (சிசிடிவி படத்தைப் பதியும் பெட்டி) இருந்து வந்ததா, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தா, டேட்டா சென்டரில் இருந்தா என்பதைப் பொறுத்து அதன் மீதி ஆயுள் மாறும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். இரவு பகலாக ஓடிய டிவிஆர் டிஸ்க் மூன்று வருஷத்தில் 26,280 மணி நேரம் காட்டும். தினம் எட்டு மணி நேரம் ஓடிய ஆபீஸ் டிஸ்க் அதே மூன்று வருஷத்தில் 9,000 மணி நேரத்தைத் தாண்டாது.

நான்காவது, வெளிநாட்டுக்கோ பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கோ போக வேண்டிய சரக்கு சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. டிஸ்க் புதுசாகவே இருக்கும். சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி இல்லை என்றோ, விற்றவரைப் பாருங்கள் என்றோ வரும். அப்போது "கடை வாரண்டி ஒரு வருஷம்" என்பார்கள். கடை இருக்கும் வரைக்கும் கடை வாரண்டி. முறையாக இறக்குமதியான சில்லறைப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருஷம் ஒட்டியிருக்கும். அது இல்லாத பெட்டியை இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவதுதான் மோசடி. பழைய டிஸ்க்கின் ஓட்டக் கணக்கை அழித்து, லேபிள் மாற்றிப் புதுசென்று விற்பது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இது பெரிய அளவில் வெளிவந்தது. புதுசென்று விற்ற சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளில் வழக்கமான மீட்டர் பூஜ்யம் காட்டியது, உள்ளே இருந்த இன்னொரு பதிவு பல்லாயிரம் மணி நேரம் காட்டியது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக 2021 வாக்கில் வாங்கிக் குவித்து ஓட்டிய டிஸ்க்குகளாக இருக்கும் என்பதுதான் பலரின் கணிப்பு. தாங்கள் அவற்றை விற்கவில்லை என்று சீகேட் சொன்னது. பெரிய கடைகளின் பில்லோடு வந்த சரக்கே இப்படி என்றால், பில் இல்லாத சரக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூடவே ஒரு சின்னக் குறிப்பு. இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் செய்வது உலகத்திலேயே மூன்று கம்பெனிகள்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. சாம்சங் தன் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011ல் சீகேட்டுக்கு விற்றுவிட்டது. ஹிட்டாச்சி 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. "சாம்சங் 1 டிபி, சீல் பிரிக்காதது" என்று யாராவது இன்றைக்குக் கொண்டுவந்தால் அது புதுசாக இருக்க வழியே இல்லை. "16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" என்று சில ஆயிரத்துக்கு வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும், கனத்துக்கு இரும்பு நட்டு ஒட்டியிருக்கும். பொய்யான அளவைக் காட்டி, நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கெட்ட டிஸ்க் என்று திரும்பி வருபவற்றில் ஒரு பங்கு கெட்டதே இல்லை, இடம் மாறி மாட்டியவை. சர்வரில் கழற்றிய எஸ்ஏஎஸ் டிஸ்க் (சர்வருக்கென்று வரும் இணைப்பு வகை) மலிவாகக் கிடைக்கும், பார்க்க வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டும் சாதாரண சாட்டா மாதிரியே இருக்கும். சாட்டாவில் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கும். எஸ்ஏஎஸ்ஸில் அந்த இடம் நிரம்பியிருக்கும். சாதாரண மதர்போர்டில் அது சேராது. சர்வருக்கென்று செய்யும் பெரிய கொள்ளளவு எண்டர்பிரைஸ் டிஸ்க்கில் இன்னொரு வம்பு உண்டு. பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்திரு" என்று எடுத்துக்கொண்டு சுற்றாமலே கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். பழைய நான்கு பின் மோலெக்ஸ் வழியாகக் கரண்ட் கொடுத்தால் ஓடிவிடும், ஏனென்றால் அதில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் அந்த மாற்று ஒயரை வாங்கும்போது பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய வகை வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒட்டிக்கொண்டு எரிந்துபோவது அதில்தான். கம்பி தனித்தனியாகத் தெரியும் வகையை வாங்குங்கள்.

டிவிஆர் விஷயத்தில் தப்பு வேறு மாதிரி. டெஸ்க்டாப் டிஸ்க் மலிவு என்று அதை மாட்டிவிடுகிறார்கள். சீகேட்டின் டெஸ்க்டாப் டிஸ்க்கான பாரகுடாவின் கணக்கே வருஷத்துக்கு 2,400 மணி நேரம், 55 டிபி வேலைப் பளு என்றுதான் கம்பெனி ஏட்டில் இருக்கிறது. கண்காணிப்புக்கென்று வரும் ஸ்கைஹாக்குக்கு 8,760 மணி நேரம், 180 டிபி. எட்டு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 4 எம்பி. ஒரு நாளைக்கு 345 ஜிபி, வருஷத்துக்கு 126 டிபி. பாரகுடாவின் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஸ்கைஹாக்கின் எல்லைக்குள். வாரண்டி பாரகுடாவுக்கு இரண்டு வருஷம், ஸ்கைஹாக்குக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கண்காணிப்பு டிஸ்க்கான பர்ப்பிளுக்கும் மூன்று வருஷம். விலை வித்தியாசத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்பது மாறிவிடும்.

எஸ்எம்ஆர் என்ற சங்கதியையும் தெரிந்துகொள்ளுங்கள். டேட்டா எழுதும் தடங்களை ஓட்டு வீட்டுக் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது. ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் ஒரே மூச்சில் 500 ஜிபி கொட்டும்போது வேகம் படுத்துவிடும், எடிட்டிங் பண்ணும்போது திணறும். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று நினைத்து விற்றுவிடுவார்கள், அதுவும் சந்தைக்கு வரும். சீகேட்டின் எஸ்டி2000டிஎம்008, எஸ்டி4000டிஎம்004 மாடல் இரண்டும் இந்த வகை. 1 டிபி எஸ்டி1000டிஎம்010 சாதாரண வகை. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சொல்லாமல் இதைச் சேர்த்தது 2020ல் வெளியாகி ரகளையானது. 2 முதல் 6 டிபி வரையிலான ரெட் டிஸ்க்கில் மாடல் கடைசியில் இஎஃப்ஏஎக்ஸ் என்றிருந்தால் எஸ்எம்ஆர், இஎஃப்ஆர்எக்ஸ் என்றால் இல்லை. முடிந்த கல்யாணத்தை ஒருமுறை எழுதி பீரோவில் வைக்க எஸ்எம்ஆர் போதும். தினம் எழுதி அழிக்கிற வேலைக்கும் ரெய்டுக்கும் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) வேண்டாம்.

நேரில் வாங்கினால் முதலில் கண்ணால் பாருங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் உள்ள திருகு ஓட்டைகளில் மரை தேய்ந்து பளபளப்பாக இருந்தால் அது ஏற்கெனவே ஏதோ ஒரு கேபினெட்டில் உட்கார்ந்தது. சாட்டா கனெக்டரின் தங்க முலாம் மேல் நீளவாக்கில் கீறல் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேபிள் ஓரம் தூக்கியிருந்தாலோ, அடியில் பழைய பசை தெரிந்தாலோ, மூடித் திருகின் தலை சிதைந்திருந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். திருகைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் தண்ணீர் பட்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கும் 2018 நவம்பர் கஜாவுக்கும் பிறகு டெல்டாவில் இதைப் பார்க்கப் பழகாத சர்வீஸ் ஆள் இருக்க மாட்டார்.

கண்ணுக்கு அடுத்தது மீட்டர், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம். அதைப் படிக்க விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ரா வேல்யூ, அதாவது அசல் எண்ணிக்கை, முதலில் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாகத் தெரியும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் போய் அதைச் சாதாரணப் பதின்ம (டெசிமல்) எண்ணாக மாற்றிக்கொள்ளாமல் படித்தால் கணக்கு எல்லாம் தப்பும். முதல் வேலை, திரையில் வரும் சீரியல் நம்பரும் லேபிள் நம்பரும் ஒன்றா என்று பார்ப்பது. வேறு வேறு என்றால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டிய வரிசைகள் சில, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி எண் உண்டு. 5 என்பது மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர் (டேட்டா எழுதும் சின்னக் கட்டம்). 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பது, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஐடியை ஹெக்ஸில் காட்டுவதால் திரையில் சி5 என்று இருக்கும். 198 சரிசெய்ய முடியாதது. 187 டிஸ்க் கைவிரித்த எண்ணிக்கை. 188 கேட்ட கட்டளைக்கு நேரத்தில் பதில் வராதது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் 5, 187, 197, 198 நான்கும் பூஜ்யமாக இருந்தால்தான் பேச்சே (197க்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, சோதனையில் சொல்கிறோம்). "ரெண்டு செக்டர்தானே போயிருக்கு" என்பார்கள். 2007ல் கூகுள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டதில், ஸ்கேனில் முதல் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் செத்துப்போக வாய்ப்பு, பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த மாதிரி முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலே செத்தன. எண்கள் மோசம் என்றால் டிஸ்க் மோசம். எண்கள் சுத்தம் என்பதற்காக டிஸ்க் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சீகேட்டில் 1, 7 இரண்டு வரிசையிலும் கோடிக்கணக்கில் எண் ஓடும். அது பிழை எண்ணிக்கை இல்லை, அந்தக் கம்பெனி எழுதும் முறை அப்படி. 199 ஏறினால் டேட்டா ஒயர் சரியில்லை. ஒயரை மாற்றிவிட்டு எண் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் டிஸ்க் மேல் குற்றமில்லை. காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க் சிலவற்றில் ஐந்து நொடிக்கு ஒருமுறை மெல்லிசாக டக் என்று கேட்கும், அதன் சுபாவம் அது.

மணிக் கணக்கைத் தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள். 9வது வரிசையில் ஓடிய மணி, 12வதில் ஆன் செய்த தடவை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டிஸ்க்கின் பூர்வீகம் வந்துவிடும். ஒரு தடவைக்கு எட்டு மணி நேரம் வந்தால் ஆபீஸ் மெஷின். 30,000 மணி நேரம், 40 தடவை என்றால் டேட்டா சென்டர். 20,000 மணி நேரம், 900 தடவை, திடீரென்று கரண்ட் போனதை எண்ணும் 192வது வரிசையிலும் 850 என்றால் யூபிஎஸ் இல்லாத ஊர் டிவிஆர், ஒவ்வொரு கரண்ட் கட்டையும் நேராக வாங்கியிருக்கிறது. இந்த மூன்றில் டேட்டா சென்டர் டிஸ்க் மணியில் மூத்தது என்றாலும் எங்கள் ஓட்டு அதற்குத்தான். குளிர்ந்த அறையில், சீரான மின்சாரத்தில் ஓடியது.

மீட்டர் அழிக்கப்பட்டதா என்று பிடிக்க இரண்டு வழி. ஒன்று, 241வது வரிசை, அதாவது இதுவரை எழுதியது. சீகேட்டில் அந்த எண்ணை 512ஆல் பெருக்கினால் பைட் கிடைக்கும். நொடிக்கு 200 எம்பி வேகத்தில் விடாமல் எழுதினாலும் மூன்று மணி நேரத்தில் 2.16 டிபிதான் எழுத முடியும். மணி மூன்று, எழுதியது 60 டிபி என்றால் திருடன் ஒரு கதவைப் பூட்ட மறந்துவிட்டான். இரண்டாவது, சீகேட் டிஸ்க் உள்ளே தனியாக வைக்கும் ஃபார்ம் பதிவு, ஜெர்மனியில் காட்டிக்கொடுத்தது இதுதான். ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் எல் ஃபார்ம் என்ற கட்டளையால் இதைப் படிக்கலாம். அதில் வரும் பவர் ஆன் மணியும் 9வது வரிசையும் ஒத்துப்போக வேண்டும்.

பார்சலில் வாங்கினால் இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகுதான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சலில் வரும் டிஸ்க்கை கண்டக்டர் பக்கத்தில் வைத்தாரா, டிக்கியில் தேங்காய் மூட்டைக்கு அடியில் போட்டாரா என்பது நமக்குத் தெரியாது. ஆன்டிஸ்டாட்டிக் கவர், சுற்றிலும் இரண்டு அங்குல ஃபோம், டிஸ்க் அசையாத பெட்டி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் பேப்பரில் சுற்றி வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஏசி பஸ்ஸிலோ குளிர்ந்த கடையிலோ இருந்து வந்ததை உடனே மாட்டாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் உள்ளே வியர்த்திருக்கும், நாலைந்து மணி நேரம் அறையில் வைத்து எடுங்கள்.

அதற்குப் பிறகு சோதனை. திருப்பித் தரும் காலக்கெடு ஏழு நாளோ பத்து நாளோ, அதற்குள் முடிக்க வேண்டும். டேட்டா ஏற்றிவிட்டுச் சோதிக்க முடியாது, காலியாக இருக்கும்போதே செய்வது.

முதலில் ஸ்மார்ட் விவரம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஷார்ட் டெஸ்ட், இரண்டு நிமிஷம். அது தேறினால் முழு எழுத்து. விண்டோஸில் ஃபார்மேட் போடும்போது க்விக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். லினக்ஸ்காரர்களுக்கு பேட்பிளாக்ஸ் என்ற கட்டளை, எழுதிச் சோதிக்கும் முறையில். சராசரி நொடிக்கு 150 எம்பி என்றால் 4 டிபிக்கு ஒரு சுற்று ஏழரை மணி நேரம். பேட்பிளாக்ஸ் நான்கு வகை எழுத்தும் நான்கு படிப்பும் செய்வதால் அறுபது மணி நேரம் பிடிக்கும். வாரக் கடைசி முழுதும் அதற்கே போய்விடும், ஆனாலும் 4 டிபிக்கு மேல் வாங்கினால் அது மதிப்புள்ள அறுபது மணி நேரம். அடுத்து முழுப் படிப்பு, அல்லது ஷார்ட் டெஸ்ட்டின் நீண்ட வடிவமான எக்ஸ்டென்டட் டெஸ்ட். கடைசியாக ஸ்மார்ட் விவரத்தை மறுபடி எடுத்து முதல் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள்.

இதில் படிக்க வேண்டியது நுணுக்கமானது. 197ல் எட்டு இருந்து, முழு எழுத்துக்குப் பின் பூஜ்யமாகி, 5வது வரிசையும் பூஜ்யமாகவே நின்றால் அது பெரும்பாலும் கரண்ட் கட்டில் பாதி எழுதி நின்ற செக்டர். உள்ளே சுற்றும் தட்டில் காயமில்லை. இன்னொரு சுற்று ஓட்டி அப்படியே இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 197 இறங்கி 5 ஏறினால் தட்டிலேயே காயம், திருப்பி அனுப்புங்கள். படிக்கும் வேகம் ஆரம்பத்தில் நொடிக்கு 180 எம்பி என்று தொடங்கி முடிவில் 90க்கு இறங்குவது இயல்பு, உள்வட்டத்தில் தடம் சின்னது. நடுவில் திடீரென்று 5, 10 என்று குழி விழுந்து, மறுபடி ஓட்டும்போதும் அதே இடத்தில் விழுந்தால் அங்கே பலவீனம்.

இந்தச் சோதனையை டேபிள் மேல் வெறுமனே கிடத்தி ஓட்டாதீர்கள். சித்திரை வெயிலில் விசிறிக் காற்று படாத யூஎஸ்பி டாக்கில் டிஸ்க் 55 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கம்பெனி சொல்லும் உச்சம் 60. ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் 40க்குள் நிற்கும். கம்ப்யூட்டர் ஸ்லீப் போகாமல் அமைப்பை மாற்றுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், அல்லது முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் எக்ஸ்டென்டட் டெஸ்ட் "தடைபட்டது" என்று பதிவாகும். அது தோல்வி இல்லை, திரும்ப ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்க் நல்லதாக இருந்தும் நம் பக்கத்தில் சீக்கிரம் போவதற்கு முதல் காரணம் கரண்ட். 3.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் 12 வோல்ட் கம்பியில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். நாலு சேனல் டிவிஆரோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர். இரண்டு வருஷத்தில் அதன் கெப்பாசிட்டர் தளர்ந்ததும் டிஸ்க் டக் டக் என்று அடித்துவிட்டு நிற்கும், டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகும். உடனே டிஸ்க்கைக் கழற்றி "போச்சு" என்று விற்றுவிடுவார்கள். முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்: 12 வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் 4 அல்லது 5 இருக்கலாம். கேமராக்களுக்குத் தனி சப்ளை. அதே அடாப்டரில் ஒயரைப் பிரித்துக் கேமராவுக்கும் இழுப்பதுதான் பாதி வியாதிக்குக் காரணம்.

ரைஸ் மில்லில் மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் விழும், கூடவே அதிர்வும் உமித்தூசியும். டிவிஆரை அரவை மெஷின் இருக்கும் சுவரில் அறையாதீர்கள். கணக்கர் அறைச் சுவரில், அடியில் ரப்பர் வைத்து மாட்டுங்கள். டிஸ்க்கின் மூடியில் மூச்சு ஓட்டை ஒன்று இருக்கும், மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. ஹீலியம் டிஸ்க்கில் அந்த ஓட்டை கிடையாது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. சர்க்யூட் போர்டின் உள்பக்கத்தில் தட்டைப் படித்து எழுதும் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் தொடுகிற சின்னச் சின்னப் பட்டைகள் இருக்கும். அவை கறுத்தால் டிஸ்க் சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது. வாரண்டி முடிந்த டிஸ்க் என்றால் சின்ன டார்க்ஸ் திருகுளியால் போர்டைக் கழற்றி, பென்சில் அழிப்பான் ரப்பரால் பட்டைகளை மெதுவாகத் தேய்த்தாலே பல டிஸ்க்குகள் திரும்பிவிடும். வாரண்டி உள்ளதில் கை வைக்காதீர்கள். தண்ணீரில் மூழ்கிய டிஸ்க்குக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதற்குக் கரண்ட் கொடுத்தே பார்க்கக் கூடாது, தட்டில் படிந்த சேறு ஹெட்டைக் கிழித்துவிடும்.

சோதனையில் தேறிய மலிவு டிஸ்க்கை எங்கே வைப்பது? இரண்டாவது பிரதியாக மட்டும். மணமக்கள் வீட்டுக்கு ஆல்பமும் பென்டிரைவும் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் இரண்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வாரண்டி உள்ள புதுசு. இரண்டு மலிவு டிஸ்க்கை ஒரே ஆளிடம், ஒரே மாடலாக, அடுத்தடுத்த சீரியலில் வாங்கி ஒன்றுக்கொன்று பேக்கப் என்று வைக்காதீர்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓடியவை ஒரே சமயத்தில் படுக்கும். 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பழசாக வாங்கவே வேண்டாம் என்போம். பலவற்றில் யூஎஸ்பி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே சாட்டா இல்லை. போர்ட் ஆடிப்போனால் டேட்டாவை எடுப்பது பெரும்பாடு. வாரண்டி இல்லாத பழைய டிஸ்க்குக்குப் புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிற அளவுக்கு எந்தச் சாதகமும் எங்கள் கண்ணில் படவில்லை.

பில் விஷயம். ஜிஎஸ்டி பில்லில் மாடலோடு சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு வரி 18 சதவீதம். "பில் இல்லாமன்னா அவ்வளவு கம்மி" என்று சொல்லும்போது மிச்சமாவது அந்த வரி, போவது உரிமை. பழையதைப் புதுசென்று விற்றதற்கு ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கடைக்காரர் வாய்ச் சொல்லும் உங்கள் வாய்ச் சொல்லும் மட்டும்தான்.

வாரண்டியில் அனுப்பும்போது இன்னொன்று. கம்பெனி டிஸ்க்கைத்தான் மாற்றித் தரும், உள்ளே இருந்ததை மீட்டுத் தராது, அனுப்பியதும் திரும்ப வராது. டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் ஒரு முழு எழுத்து ஓட்டி அழித்துவிட்டு அனுப்புங்கள். ஓடவே இல்லை என்றால் அழிக்க வழியில்லை. ஆடிட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, நகைக்கடை டிஸ்க் என்றால் வாரண்டியை விட்டுக்கொடுத்து, மூடியைக் கழற்றித் தட்டைக் கீறி உடைப்பதுதான் வழி.